நுரையீரல் புற்றுநோய், மரபணு மாற்றம், மாத்திரை: பாம்பன் கரையில் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

அம்மாவுக்கு இருமல் வந்தபோது யாரும் புற்றுநோய் என்று நினைக்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு, சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை, ஆனாலும் டிபியாகத்தான் இருக்கும் என்று ஐந்து மாதம் டிபி மாத்திரை ஓடியது. அப்புறம் நெஞ்சில் நீர் கோத்து, மதுரைக்குக் கொண்டுபோய், பயாப்ஸி எடுத்து, ‘அடினோகார்சினோமா, நான்காம் கட்டம், ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ்’ என்று தாள் கைக்கு வந்த அன்றைக்குப் பாம்பன் வந்து சேரும் வரை பஸ்ஸில் நானும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாளில் ஒரு வரிகூடப் புரியவில்லை, என்னத்தைப் பேசுவது.

அதற்குப் பிறகு மூன்றரை வருடம் அம்மா எங்களோடு இருந்தார். அந்தக் காலத்தில் டாக்டர்களைத் துளைத்துக் கேட்டதும் ராத்திரி உட்கார்ந்து படித்ததும் சேர்ந்து, இப்போது தங்கச்சிமடத்தில் இருந்து தொண்டி வரை யார் வீட்டிலாவது இந்த நோய் என்றால் யாரோ ஒருவர் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். நான் டாக்டர் இல்லை. ஆனால் கேட்கிற கேள்விகள் ஒன்றே மாதிரி இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

அம்மா பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லையே, எப்படி வந்தது?

இதுதான் முதல் போனில் வரும் முதல் கேள்வி, அதுவும் பாதி நேரம் குற்றம் சாட்டுகிற குரலில். புகையே பிடிக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் பெரும்பாலானது அடினோகார்சினோமா என்ற வகை. அதில்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அதிகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களில் இந்த வகைக்காரர்கள் 100 பேரில் 10, 15 பேருக்கு அந்த மாற்றம் இருந்தால், சீனா, ஜப்பான் பக்கம் பாதிப்பேர் வரை போகிறது. நம் நாடு நடுவில், நான்கில் ஒருவரில் இருந்து மூன்றில் ஒருவர் வரை.

ஏன் வருகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 2023-ல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: காற்றில் உள்ள நுண்தூசி, ஏற்கனவே இந்த மாற்றம் ஏறி சும்மா கிடக்கிற செல்களைத் தூண்டிவிடுகிறதாம். எனக்கு அதைப் படித்ததும் ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு விறகடுப்பும், அம்மா சிறுவயதில் முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல் கரிமூட்டத்தில் வேலை பார்த்ததும்தான். அதனால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் நோயாளி முன்னால் உட்கார்ந்துகொண்டு ‘என்ன பண்ணினே’ என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

மரபணு மாற்றம் என்றால் பரம்பரையா? பிள்ளைகளுக்கு வருமா?

இல்லை. கட்டியில் இருக்கிற செல்லில், வாழ்நாளில் எப்போதோ ஏற்பட்ட மாற்றம் இது; பிறக்கும்போது கூட வந்ததில்லை, பிள்ளைக்கும் போகாது. பிறவியிலேயே டி790எம் என்ற மாற்றத்தோடு இருக்கிற குடும்பங்கள் உலகத்தில் இருக்கின்றன, மிகமிக அரிது. பொண்ணு பார்க்க வருகிறவர்களிடம் இதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு தங்கச்சிக்கு நான் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ரொம்ப மோசமா?

கொரோனா காலத்தில் இருந்து பாசிட்டிவ் என்றாலே நமக்கு வயிறு கலங்குகிறது. இங்கே அது நல்ல சேதி. குறிபார்த்து அடிக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்தில் ‘32%’, ‘8%’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து பயப்படுகிறவர்களும் உண்டு. கொடுத்த மாதிரியில் அந்த மாற்றம் எத்தனை பங்கு தெரிந்தது என்பதுதான் அது. ஊசியில் வந்த சதையில் கட்டிச் செல் குறைவாக இருந்தால் எண்ணும் குறையும். நோய் எத்தனை சதவீதம் என்று அதைப் படிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரே மாத்திரையில் எழுந்து நடந்தார். அதையே எங்களுக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இதை மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே தப்பு செய்தால் ஆளுக்கே ஆபத்து.

ஜெஃபிடினிப் என்ற மாத்திரை 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது யாருக்கு அது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று யாருக்கும் தெரியாது; சிலர் படுக்கையை விட்டு எழுந்து நடந்தார்கள், பலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. 2004-ல்தான் காரணம் பிடிபட்டது: எழுந்து நடந்தவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறியிருந்தது. செல்லை ‘வளரு வளரு’ என்று சொல்கிற விசை அது. மாறிய பிறகு யாரும் அழுத்தாமலேயே விசை அழுந்தியபடி கிடக்கிறது, செல்லின் உயிரே அதை நம்பித்தான் ஓடுகிறது. மாத்திரை அந்த விசையின் குழிக்குள் போய் உட்கார்ந்து அடைத்துவிடும்.

பிறகு ஆசிய நாடுகளில் ‘ஐபாஸ்’ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்து 2009-ல் முடிவு வந்தது. ஒரு பக்கம் ஜெஃபிடினிப், மறுபக்கம் கீமோ. மாற்றம் இருந்தவர்களில் 100-க்கு 71 பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது, கீமோவில் 47 பேருக்கு. சரி, மாற்றம் இல்லாதவர்களுக்கு? அதே மாத்திரையில் 100-க்கு ஒரே ஒருவர், கீமோவில் 23 பேர். அதாவது மாற்றம் இல்லாத ஒருவருக்கு அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு இந்த மாத்திரையைக் கொடுத்தால், சும்மா பலனில்லாமல் போவது மட்டுமில்லை, பலன் தந்திருக்கக்கூடிய மருந்தைத் தராமல் மாதங்களைக் கடலில் கொட்டுகிறோம்.

நெத்திலிக்கு ஒரு கண்ணி, நண்டுக்கு ஒரு கண்ணி. பெரிய கண்ணி வலையைப் போட்டு நெத்திலி நிற்கவில்லை என்றால் வலையைக் குறை சொல்லி என்ன பண்ண.

எக்ஸான் 19 டெலீஷன், எல்858ஆர் என்று இரண்டு பேருக்கு வேறு வேறாகப் போட்டிருக்கிறதே?

ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தில் 100-க்கு 85-க்கு மேல் இந்த இரண்டுதான். எக்ஸான் என்பதை அந்த மரபணுவின் ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் பத்தியில் சில எழுத்துகள் விழுந்துபோனது டெலீஷன். 21-ஆம் பத்தியில் ஓர் எழுத்து மாறியதால் புரதத்தின் 858-ஆவது இடத்தில் லூசின் போய் ஆர்ஜினின் வந்தால் அது எல்858ஆர். பெயரே விலாசம்தான்: பழைய ஆள், கதவு எண், புது ஆள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து பாதி பயம் போய்விட்டது.

இரண்டுக்கும் ஒரே மாத்திரைகள்தான். ஆனால் பலன் ஒரே அளவு இல்லை. ‘ஃபிளாரா’ என்ற ஆய்வில் ஓசிமெர்டினிப் என்ற மூன்றாம் தலைமுறை மாத்திரையை ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். நோய் மறுபடி தலைதூக்காமல் நின்ற காலம், நடுமதிப்பாக, எல்லாரையும் சேர்த்து 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2 மாதம். பிரித்துப் பார்த்தால் எக்ஸான் 19-காரர்களுக்கு 21.4 மாதம், எல்858ஆர்-காரர்களுக்கு 14.4 மாதம். மொத்த ஆயுள் கணக்கிலும் புது மாத்திரையின் லாபம் எக்ஸான் 19 பக்கம்தான் தெளிவாகத் தெரிந்தது, எல்858ஆர் பக்கம் அந்த ஆய்வில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்858ஆர் உள்ளவர்களுக்கு, அதுவும் மூளைக்குப் பரவியிருந்தால், மாத்திரையோடு கீமோவையும் சேர்க்கலாமா என்று இப்போதெல்லாம் டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான். ஓசிமெர்டினிப்போடு கீமோ சேர்த்துப் பார்த்த ‘ஃபிளாரா 2’ ஆய்வில் மொத்த ஆயுளின் நடுமதிப்பு 37.6 மாதத்தில் இருந்து 47.5 மாதமாகக் கூடியது. பக்க விளைவும் கூடும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் கூடும். ராமேஸ்வரத்தில் இருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரை போய்வருவது என்பது சென்னைக்காரர் கணக்கு போடுகிற மாதிரி இல்லை, அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எக்ஸான் 20 என்று வந்திருக்கிறது. அதுவும் ஈ.ஜி.எஃப்.ஆர். தானே?

மரபணு அதுவேதான், ஆனால் கதை வேறு. எக்ஸான் 20-ல் எழுத்துகள் நுழைந்துகொண்டால் மாத்திரை உட்காரும் குழியே இறுகிவிடுகிறது. ஜெஃபிடினிப், எர்லோடினிப் பெரும்பாலும் கேட்காது. கீமோவும், அதோடு அமிவான்டமாப் என்ற ஊசி மருந்தும்தான் இதற்கான முதல் வழி. ‘ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ்’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டு மாத்திரை ஆரம்பித்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில்தான் ‘எக்ஸான் 20 இன்சர்ஷன்’ என்று இருந்த வரியைக் காட்டினார்கள். எந்த மாற்றம் என்று முழுப் பெயரையும் கேட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி719எக்ஸ், எல்861க்யூ, எஸ்768ஐ என்று அபூர்வமாக வருகிறவை இன்னொரு கூட்டம். அவற்றுக்கு அஃபாடினிப் என்ற மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது.

கூடவே டிபி53 என்றும் ஒன்று போட்டிருக்கிறதே?

காசநோய் டிபிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செல் கெட்டுப்போனால் அதைத் தடுத்து நிறுத்துகிற காவல்கார மரபணுதான் டிபி53. அதுவும் உடைந்திருந்தால் மாத்திரை கேட்கும், ஆனால் சராசரியாகக் கொஞ்சம் சீக்கிரம் பலன் குறையும். அதற்கென்று தனி மருந்து இன்னும் இல்லை. ஆகவே அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

பிறவியிலேயே இருக்கிற மாற்றமும் மாத்திரையின் பலனைத் தொடுவது உண்டு. பிம் என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கிறவர்கள் கிழக்கு ஆசியாவில் 100-க்கு 12 பேர் போல இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாத்திரைகள் குறைந்த காலமே நிற்கின்றன என்று 2012-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாத்திரை விசையை அடைத்தாலும், செல் தானாகச் சாகவேண்டிய கடைசிப் படி அவர்களிடம் பலவீனம். இதை வழக்கமான ரிப்போர்ட்டில் பார்ப்பதில்லை. ஒரே மாற்றம், ஒரே மாத்திரை, இரண்டு பேருக்கு ஏன் வேறு வேறு காலம் என்பதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறேன்.

ஏ.எல்.கே. பாசிட்டிவ் என்றால்?

கீழக்கரையில் இருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பேசினார், மனைவிக்கு வயது 38, மூன்று பிள்ளைகள், ரிப்போர்ட்டைப் படிக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஏ.எல்.கே. என்று அவர் சொன்னதும் நான் ‘காக்கா, கொஞ்சம் மூச்சு விடுங்க’ என்றேன். 100 பேரில் 3 முதல் 5 பேருக்கு வருவது, வயது குறைந்தவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் அதிகம். இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மாற்றம். 2007-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோயில் மாத்திரை மிக நீண்டகாலம் கேட்பது இந்த வகைக்குத்தான். அலெக்டினிப் என்ற மாத்திரையில் நோய் அடங்கியிருந்த காலம் நடுமதிப்பாக 34.8 மாதம், முதலில் வந்த கிரிசோடினிப்பில் 10.9. லோர்லாடினிப் என்ற இன்னொரு மாத்திரை எடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்தும் 100-க்கு 60 பேருக்கு நோய் முன்னேறவில்லை, கிரிசோடினிப்பில் அது வெறும் 8. மூளைக்குள்ளும் நன்றாகப் போகிறது. சும்மா வராது: லோர்லாடினிப்பில் கொழுப்பு ஏறும், சிலருக்கு மறதி, கோபம், மனமாற்றம் வரும், வீட்டில் இருப்பவர்கள்தான் அதைக் கவனித்துச் சொல்லவேண்டும். ஒட்டிக்கொண்ட இடத்தைப் பொறுத்து இதிலும் உள்வகைகள் உண்டு; ‘வேரியன்ட் 3’ என்றால் பழைய மாத்திரைகளுக்குச் சீக்கிரம் தப்பித்துவிடும், அப்போது லோர்லாடினிப் கைகொடுக்கும்.

மாமாவுக்கு நாற்பது வருடம் பீடி. அவருக்கும் மாத்திரை இருக்கிறதா?

டெஸ்ட் செய்யாமல் சொல்ல முடியாது. புகைத்தவர்களிடம் அதிகம் தெரிவது கேராஸ் என்ற மரபணுவில் வரும் மாற்றம். அதில் ஜி12சி என்ற ஒரு வகைக்கு மட்டும் 2021-ல் சோட்டோராசிப் என்ற மாத்திரை வந்தது, முதல் சிகிச்சை தோற்ற பிறகு கொடுப்பார்கள். கீமோவோடு ஒப்பிட்டபோது நோய் அடங்கியிருந்த காலம் 4.5 மாதத்தில் இருந்து 5.6 மாதமாகியது. லாபம்தான், ஆனால் ஏ.எல்.கே. கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இதை எதிர்பார்க்காதீர்கள். புகைத்தவர் என்பதாலேயே டெஸ்டே வேண்டாம் என்று விடுவது தப்பு. ஆர்.ஓ.எஸ்.1, ஆர்.ஈ.டி., மெட் எக்ஸான் 14, பிராஃப் வி600ஈ என்ற மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றும் 100-க்கு ஒருவரில் இருந்து மூன்று பேர் வரைதான், ஆனாலும் அந்த ஒருவருக்கு அதற்கான மருந்து இருக்கிறது. பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், எர்லோடினிப் எடுக்கிறவர் புகைத்தால் மருந்து உடம்பில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பி.டி.எல்.1 80% என்று இருக்கிறது, இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்கிறார்களே?

பி.டி.எல்.1 என்பது கட்டிச் செல்லின் மேல் இருக்கிற ஒரு புரதம்; இம்யூனோதெரபி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே நோயின் மேல் ஏவிவிடுகிற ஊசி, அந்தப் புரதம் அதிகம் இருந்தால் அது கேட்கும் என்ற கணக்கு. ஆனால் மரபணு ரிப்போர்ட் வந்ததா என்று முதலில் கேளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. உள்ளவர்களுக்கு அந்த எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இம்யூனோதெரபி தனியாகப் பெரிதாகக் கேட்பதில்லை. அதோடு, ஊசியைப் போட்டுவிட்டு உடனே ஓசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது, மூச்சே விடமுடியாமல் போகலாம். ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆள் அதுவரை தாங்கமாட்டார் என்றால் கீமோவை மட்டும் முதலில் ஆரம்பித்துவிட்டு ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவது உண்டு.

டெஸ்டுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பயாப்ஸி எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், ‘பிளாக்’ என்று கேட்டால் தருவார்கள். அது உங்கள் சொத்து மாதிரி, பத்திரம். வெயிலில் காரின் முன்கண்ணாடிப் பக்கம் வைத்து மதுரைக்கு எடுத்துப்போகாதீர்கள், மே மாதத்து ராமநாதபுரம் ரோட்டில் மெழுகு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நெஞ்சில் எடுத்த நீரில் இருந்தும் பிளாக் செய்யலாம், அம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். எலும்பில் எடுத்த சதை என்றால் அதை மெதுவாக்க அமிலத்தில் ஊறவைப்பார்கள், அமிலம் மரபணுவைச் சிதைத்துவிடும். வேறு இடத்தில் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மரபணுவாகத் தனித்தனியே பார்த்தால் சதை தீர்ந்துவிடும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்க்கிற என்.ஜி.எஸ். டெஸ்ட் விலை அதிகம், ஆனால் முடிந்தால் அதுதான்.

ரத்தத்திலேயே பார்க்கலாமாமே?

பார்க்கலாம். கட்டி உதிர்க்கிற மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் நம்பக் கூடாது, பத்தில் மூன்று பேருக்கு மாற்றம் இருந்தும் ரத்தத்தில் சிக்காது. அப்போது சதைக்குத்தான் போகவேண்டும்.

ஒரு வருடம் நன்றாக இருந்தார், இப்போது கட்டி மறுபடி வளர்கிறது. மாத்திரை டூப்ளிகேட்டா?

அம்மாவுக்கு 13-ஆவது மாதத்தில் இது நடந்தபோது அண்ணனும் அதையேதான் கேட்டான், மருந்துக்கடையில் சண்டைக்கே போய்விட்டான். கடைக்காரர் மேல் தப்பில்லை. மாத்திரையைத் தாங்குகிற செல்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன.

ஜெஃபிடினிப் மாதிரி பழைய மாத்திரைகளுக்குப் பிறகு பாதிப்பேருக்கு மேல் வருவது டி790எம். விலாசம் படிக்கத் தெரியுமே இப்போது: 790-ஆவது இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின். மாத்திரை உட்காரும் குழிவாசலில் ஒரு பெரிய ஆள் வந்து நின்றுகொள்கிறார், செல்லின் எரிபொருள் மட்டும் முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. இந்த ஆள் நின்றாலும் உள்ளே நுழைகிற மாதிரி செய்ததுதான் ஓசிமெர்டினிப். டி790எம் வந்தவர்களிடம் கீமோ 4.4 மாதம் நின்ற இடத்தில் அது 10.1 மாதம் நின்றது. அம்மாவுக்கு அதைவிட அதிகமாகவே நின்றது.

ஓசிமெர்டினிப் எப்படிப் பிடிக்கிறது என்றால், 797-ஆவது இடத்தில் இருக்கிற சிஸ்டீனில் நங்கூரம் போட்டுக்கொள்கிறது. அந்த சிஸ்டீன் செரினாக மாறினால், அதாவது சி797எஸ் வந்தால், நங்கூரம் பிடிக்காது. வழுக்குப் பாறையில் போட்ட கதைதான். சிலருக்கு மெட் என்ற இன்னொரு மரபணு பல மடங்கு பெருகி, அடைத்த வழியை விட்டுப் பக்கத்து வழியில் போகும். இன்னும் சிலருக்கு கட்டியே வகை மாறி ஸ்மால் செல் என்ற வேறு வகைப் புற்றுநோய் ஆகிவிடும், டிபி53, ஆர்.பி.1 என்ற இரண்டு மரபணுக்களும் உடைந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஸ்மால் செல் ஆனது ரத்த டெஸ்டில் தெரியாது. மறுபடி ஊசி குத்தி சதையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும், சிகிச்சையும் வேறு கீமோ. ‘மறுபடியும் பயாப்ஸியா, அவங்களால தாங்க முடியாது’ என்று நாங்களும் முதலில் மறுத்தோம். மறுத்தது தப்பு, மூன்று வாரம் வீண்.

இத்தனைக்கும் பணம்?

ஜெஃபிடினிப், எர்லோடினிப் நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன, நடுத்தரக் குடும்பம் தாங்கும். ஓசிமெர்டினிப் அப்படி இல்லை. 2024 பட்ஜெட்டில் அதற்கான சுங்கவரியை மத்திய அரசு எடுத்துவிட்டது, அப்படியும் படகை விற்கிற யோசனை வரும் விலைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. உங்கள் மருந்து அதில் வருமா என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற காப்பீட்டு மேசையில் கேளுங்கள். மருந்துக் கம்பெனிகளின் நோயாளி உதவித் திட்டம் பற்றி டாக்டரிடமே கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

பணமில்லாதவர்களுக்கு நான் கட்டாயம் சொல்வது ஒன்று உண்டு. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 350 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். வெறும் ஜெஃபிடினிப்பில் நோய் 8 மாதம் அடங்கியிருந்தது, அதோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோ சேர்த்தபோது 16 மாதம். கடுமையான பக்க விளைவு 100-க்கு 25 பேரில் இருந்து 51 பேராகக் கூடியது, அதை மறைக்கவில்லை. ஆனால் விலை உயர்ந்த மாத்திரை எட்டாத வீட்டுக்கு ‘ஒன்றும் பண்ண முடியாது’ என்று யாராவது சொன்னால், இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேஸ் மாத்திரை, கசாயம், கருவாடு?

கேஸ் மாத்திரைதான் பெரிய வில்லன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைத்துவிடும். அமிலம் இல்லாவிட்டால் ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் சரியாக உடம்பில் ஏறாது. ஓசிமெர்டினிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. எர்லோடினிப் வெறும் வயிற்றில், அலெக்டினிப் சாப்பாட்டோடு. நாட்டு மருந்து எதுவானாலும் பெயரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கல்லீரல் ஒரே நேரத்தில் எத்தனையைத்தான் பார்க்கும். கருவாடு சாப்பிடலாம், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் வேண்டாம்.

ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரைகளால் முகத்தில் பரு மாதிரி கிளம்பும், வெயிலில் எரியும், நகக்கண் வீங்கிப் புண்ணாகும். அம்மா அதோடேயே உப்புத் தண்ணீரில் கையை விட்டு மீன் கழுவினார், நகம் பழுத்து, வலி தாங்காமல் எங்களுக்குத் தெரியாமல் ஒன்பது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லியிருந்தால் களிம்பும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, தேவைப்பட்டால் அவரே சில நாள் நிறுத்தி, அளவையும் குறைத்திருப்பார். புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

19 மாதம் என்றால் 19 மாதம்தான் இருப்பாரா?

இல்லை. மேலே ஃபிளாரா ஆய்வில் சொன்ன அந்த எண் நடுமதிப்பு. வரிசையில் நடுவில் நிற்கிற ஆளின் கணக்கு, பாதிப்பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். அதோடு அது இந்த மாத்திரை நோயை அடக்கிவைத்த காலம், ஆயுள் கணக்கு இல்லை.

ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தாயிற்று. அப்புறமும் மாத்திரை எதற்கு?

ஆரம்பக் கட்டத்தில் எடுத்தவர்களுக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் மூன்று வருடம் ஓசிமெர்டினிப் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து 100-க்கு 88 பேர் உயிரோடு இருந்தார்கள், மாத்திரை இல்லாதவர்களில் 78. ஆகவே ஆபரேஷன் ஆனவர்களும் மரபணு டெஸ்டைக் கேட்கவேண்டும்.

ரிப்போர்ட்டை அனுப்பினால் பார்த்துச் சொல்வீங்களா அக்கா?

என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வேன், எந்த மாத்திரை என்று சொல்லமாட்டேன். அனுப்புகிறவர்கள் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும், எந்தெந்த மரபணுவைப் பார்த்தார்கள், சதை போதுமானதாக இருந்ததா என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். போன மாதம் தேவிபட்டினத்தில் இருந்து வந்த ஒரு ரிப்போர்ட்டில் அந்தப் பொடி எழுத்தில் ‘மாதிரி போதவில்லை’ என்று இருந்தது. வீட்டில் எல்லாரும் மாற்றம் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது நெஞ்சு நீரை எடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை.